பி.பி. பாத்துட்டு வர்றேன்

போன ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்துப் பொன்னேரி டீக்கடையில் சதீஷ் அந்த வார்த்தையைச் சொன்னான். நம் சைக்கிள் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவன். ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் வேலை, முப்பத்தைந்து வயது இருக்கும். உனக்கு அவனைத் தெரியாது. ஏலகிரி ஏறுவதற்கு முன் எல்லாரும் சைக்கிள்களைச் சுவரில் சாய்த்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம். "அண்ணே, ரெண்டு வாரமா வண்டி இழுக்குது. மேட்டுல சுத்தவே மாட்டேங்குது. ஒருவாட்டி பி.பி. பாத்துக் குடுங்கண்ணே" என்றான்.

நான் அவன் சைக்கிளைப் பார்க்கவில்லை. அவன் உதட்டைப் பார்த்தேன். கழுத்து நரம்பைப் பார்த்தேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, மல்லாந்து படுத்தால் இருமல் வருகிறதா, கணுக்கால் வீங்குகிறதா என்று வரிசையாகக் கேட்டேன். முதலில் சிரித்தவன், மூன்றாவது கேள்வியில் சிரிப்பை நிறுத்திவிட்டான். டாக்டரிடம் போய்விட்டு வா, அதற்குப் பிறகு கழட்டுகிறேன் என்று சொன்னேன். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, மலை ஏறாமலே ஆம்பூருக்குத் திரும்பிவிட்டேன்.

அன்றிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து எழுந்து போகிறேன். வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு நடக்கிறேன். உனக்கு இன்னா ஆச்சு என்று என் மனைவி கேட்டுக் கேட்டு விட்டுவிட்டாள். இந்தக் கடிதத்தையும் நாலு வரி எழுதுகிறேன், வாசல் வரை போகிறேன், வருகிறேன். நீ இருந்திருந்தால், "உக்கார்றா, தரையா சுடுது" என்று சொல்லியிருப்பாய்.

நம் இருவருக்கும் முதலில் ரோடு சைக்கிள் வாங்கியது நீதான். எதிலும் நீதான் முதல். எட்டாம் வகுப்பில் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு பாலாற்றுப் பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போட்டி போடுவோமே, அப்போதிலிருந்து. அந்த முனையில் நீ இறங்கி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, நான் வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். கேலி பண்ண மாட்டாய். அதுதான் எனக்கு ஆகாது. கேலி பண்ணியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

பெங்களூரிலிருந்து பழைய சைக்கிள் ஒன்றை நீ வாங்கி வந்த அடுத்த வருடம் நானும் ஒன்று வாங்கினேன். வாணியம்பாடி சர்வீஸ் ரோட்டில் காலையில் போகும்போது முப்பது வருடமாகப் பார்த்த அதே முதுகு மறுபடியும் எனக்கு முன்னால். நீ பணக்காரனும் இல்லை, பெரிய பயில்வானும் இல்லை. தோல் தரம் பிரிக்கும் வேலை பார்ப்பவன். நாள் முழுக்க மேஜைமேல் தோலை விரித்து, வெளிச்சத்தில் சாய்த்து, எந்த இடத்தில் உண்ணி கடித்த தழும்பு, எந்த இடத்தில் முள் கிழித்த கோடு என்று விரலால் தடவித் தடவிப் பார்க்கிறவன். சைக்கிளில் ஏறிவிட்டால் மட்டும் யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோலப் போவாய்.

ஒன்றில் மட்டும் நான் உனக்கு மேல். கழட்டுவதும் மாட்டுவதும் என் வேலை. டிரம் ஃபிட்டர் நான். தோலைப் போட்டு ஊறவைக்கிற ஆள் உயர டிரம் சுற்றும்போது பேரிங் போகப்போகிறது என்பதை, அது போவதற்கு ஒரு வாரம் முன்பே காதால் கண்டுபிடிப்பவன் என்று ஷாப்பில் பெயர். அதனால் நம் இருவர் சைக்கிளுக்கும் நான்தான் மெக்கானிக். அதிலும் பாட்டம் பிராக்கெட் என்றால் எனக்குத் தனிப் பிரியம். இரண்டு பெடலையும் தாங்குகிற அச்சு, அது சுற்றுவதற்கு இரண்டு பக்கமும் பேரிங் வைத்த கப். ஓட்டுபவன் பலம் முழுக்க வந்து இறங்குகிற இடம் அது. வாய்க்கு நீளமாக இருக்கிறது என்று நாம் அதைப் பி.பி. என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

முதன்முதலில் அதைக் கழட்டிய நாள் ஞாபகம் இருக்கிறதா? என் வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில். இடது பக்கக் கப் லேசாக வந்துவிட்டது. வலது பக்கம் வரவில்லை. ஸ்பேனருக்கு ஒரு இரும்புக் குழாயை மாட்டி முழு எடையையும் போட்டேன். ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டி தோல் உரிந்து ரத்தம் வந்தது. நீ போனில் படித்துக்கொண்டே இருந்தாய். மெதுவாக, "டேய், வலது பக்கம் எதிர் மரையாம்டா. நீ இவ்ளோ நேரமா டைட்டு பண்ணிட்டிருக்க" என்றாய். இருபது வருட ஃபிட்டர் நான். பெடல் மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அந்தப் பக்கத்து மரையை மட்டும் மாற்றி வெட்டியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நீ சிரிக்கவில்லை. என் முட்டியைக் கழுவி, உன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டினாய்.

இதையெல்லாம் எழுதுவது சுலபமாக இருக்கிறது. அடுத்து எழுத வேண்டியதுதான் நகர மாட்டேன் என்கிறது. தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

போன வருடம் தை கழிந்து மாசி பிறந்த சமயம். நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாய். "ஏதோ இழுக்குதுடா. மேட்டுல நாலு மிதி மிதிச்சா அஞ்சாவது மிதி போக மாட்டேங்குது. பி.பி. பாரு" என்றாய். முந்தின ஞாயிறு ஏலகிரியில் நீ எனக்குச் சரிசமமாக வந்திருந்தாய். அதுவே புதுசு. வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் இரண்டு முறை சொன்னேன்.

கழட்டினேன். பேரிங்கை விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். இடது பக்கத்தில் லேசாக மணல் கரகரத்தது. பாலாற்று ஓரமாகப் போனால் வருகிற மணல்தான். அந்த அளவு கரகரப்பு உன்னைப் போன்றவனை இழுத்து நிறுத்தாது. அது எனக்குத் தெரியும். ஆனால் காரணம் ஒன்று கையில் கிடைத்துவிட்டதே. புதுக் கப் வரவழைத்து, மரைக்கு கிரீஸ் தடவி, மாட்டிக் கொடுத்தேன். நீ தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்து, "பரவால்ல, இப்ப கம்மியா இருக்கு" என்றாய். எனக்காகச் சொன்னாயா, நம்பிச் சொன்னாயா?

அடுத்த ஞாயிறு ஏழாவது வளைவில் நீ பின்தங்கினாய். நான் பார்க்கவில்லை, காதில் கேட்டேன். உன் செயின் சத்தம் சன்னமாகிக்கொண்டே போயிற்று. அதற்கு மேல் உன் மூச்சு. நடுவில் ஏதோ கிழிகிற மாதிரி ஒரு மூச்சு. நான் மிதியைக் கூட்டினேன். எட்டாவது வளைவு, ஒன்பது, பத்து. பதினாலாவது வளைவு தாண்டி மேலே போய் இறங்கி நின்றபோது எனக்கு முன்னால் யாருடைய முதுகும் இல்லை. அந்தக் காலைக் காற்றை நான் இன்னும் மறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தாய். அதே பேச்சு, இழுக்குது, பி.பி. பாரு. எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம், போன தடவை நான் மாட்டியதில்தான் பிசகோ என்று. பெடல் மாட்டியிருக்கிற கைதான் கிராங்க். இடது கிராங்க்கின் நடுவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி உண்டு. அதை விரல் பலத்துக்கு மேல் இறுக்கக் கூடாது. இறுக்கினால் பேரிங் இரண்டு பக்கமும் நசுங்கி, சுற்றும்போது இழுக்கும். பார்த்தேன். மூடி சரியாகத்தான் இருந்தது. செயினை எடுத்துவிட்டு கிராங்க்கைச் சுண்டிவிட்டேன். நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. இருவரும் அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வண்டில ஒண்ணும் இல்லடா. கோளாறு உன் கால்லதான்" என்றேன்.

கேலியாகத்தான் சொன்னேன். சொல்லும்போது எவ்வளவு இனித்தது என்று எனக்குத் தெரியும். நீ என்னை ஒரு கணம் பார்த்தாய். தோலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாயே, அந்த மாதிரி. பிறகு, "இருக்கும்" என்று மட்டும் சொன்னாய்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நீ மலைக்கு வரவில்லை. வேலை ஜாஸ்தி என்றாய். நான்காவது வாரம் நடந்து வந்தாய், கையில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே புது கிராங்க்செட். பழையதில் சின்னப் பல்சக்கரத்துக்கு முப்பத்தொன்பது பல். இதில் முப்பத்துநாலு. மேட்டில் மிதிக்க லேசாக இருக்கும். வேகம் வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் வாங்குவது. "வயசாயிடுச்சுடா, இத மாட்டிவுடு" என்றாய். சைக்கிள் ஏற்கெனவே என் வீட்டில்தான் இருந்தது. உன் வீட்டில் வெள்ளை அடிக்கிறார்கள், கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும் என்று விட்டுப் போயிருந்தாய்.

அன்று மாட்டியது மூன்றாவது தடவை. செயினைக் கீழே தள்ளி, இடது கிராங்க்கின் இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றித் தளர்த்தி, மூடியை எடுத்து, ரப்பர் சுத்தியலால் அச்சை இடமிருந்து வலமாகத் தட்டி வெளியே எடுத்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து, கழட்டின ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து வரிசையாக வைத்தாய். அவசரமே படவில்லை. கப் நல்லாத்தானே இருக்கு, அதை எதற்குக் கழட்டுவது என்று கேட்டேன். "கழட்டுடா. வந்ததுக்கு அதையும் பாத்துடலாம்" என்றாய். இரண்டு மணிநேரம் ஆயிற்று. நடுவில் என் மனைவி கொடுத்த இட்லியைத் தின்றோம். நீ பேசிக்கொண்டே இருந்தாய், பள்ளிக்கூடம், பழைய வாத்தியார்கள், உன் மகளின் காலேஜ். எழுந்து போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய். கால் மரத்துவிட்டது என்றாய்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் விடியற்காலையில் என் வீட்டுக்கு நடந்து வருவாய். சைக்கிளை எடுப்போம். சில வாரம் மலை. சில வாரம், "இன்னிக்கு வேணாம்டா, வண்டி சரியில்ல, பி.பி. பாரு" என்பாய். நானும் கழட்டுவேன். ஒன்றும் இருக்காது. துடைத்து, கிரீஸ் தடவி, திரும்ப மாட்டுவேன். இது என்ன பேஜார், ஒரு குறையும் இல்லாததை வாரா வாரம் கழட்டச் சொல்கிறான் என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லவும் சொன்னேன்.

ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்த நீ அப்படியே உட்கார்ந்து, அப்படியே போய்விட்டாய். நாற்பத்தாறு வயது. நான் ஷாப்பில் டிரம்முக்கு அடியில் படுத்திருந்தேன். போன் மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை.

இதயத்துத் தசை பலவீனமாகிவிட்டது என்று வேலூர் டாக்டர் சொல்லி நான்கு மாதம் ஆகிறது என்பதை உன் வீட்டு வாசலில் நின்றபோதுதான் கேள்விப்பட்டேன். மாத்திரை போட்டுக்கொண்டு, சமதரையில் மெதுவாக நடக்கலாம், மேடு ஏறவே கூடாது என்று சொல்லியிருந்தாராம். மாசியும் பங்குனியும் என் தலைக்குள் வரிசையாக வந்து நின்றன. இழுக்குது. நாலு மிதி மிதிச்சா அஞ்சாவது போக மாட்டேங்குது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு உன் மனைவி மல்லிகா என்னைக் கூப்பிட்டாள். அவள் கையில் ஒரு நோட்டு. டாக்டர் எழுதிவைக்கச் சொன்ன நோட்டு. "அண்ணா, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நடந்துட்டு, அப்படியே பி.பி. பாத்துட்டு வர்றேன்னு போவாரு. பத்து பதினோரு மணி ஆவும் வர்றதுக்கு. கிளினிக்ல கூட்டம்னு சொல்வாரு. நோட்டுல ஒண்ணுமே எழுதல. எந்த கிளினிக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

ரத்த அழுத்தத்துக்கும் அதே இரண்டு எழுத்து. நின்ற இடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவளிடம் பி.பி. பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு என்னிடம் வந்து பி.பி. பார் என்றிருக்கிறாய். அந்த இரண்டு எழுத்தில் மட்டும் இரண்டு வீட்டிலும் நீ பொய் சொல்லவில்லை. இதை நினைத்து நீ தனியாகச் சிரித்திருப்பாய் என்று கூடத் தோன்றுகிறது.

"தெரியலம்மா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை என்னை அரித்தது. அப்போதே சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுகையோடு போயிருக்கும். சொல்லாமல் விட்டேன். மல்லிகா சும்மா இருக்கவில்லை. கடைசி வாரங்களில் ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது, ஏறியிருந்ததை யாராவது கவனித்தார்களா, கவனித்தும் சொல்லாமல் விட்டார்களா என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். போனில் உன் போட்டோவை வைத்துக்கொண்டு பஜார் தெருவில் ஒவ்வொரு கிளினிக்காக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள், இவரை இங்கே பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டு. இதை என் மனைவிதான் வந்து சொன்னாள், பாவம் அந்தப் பொண்ணு என்று. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் உன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். ஒரு பையில் ஆலன் கீ, கப் ஸ்பேனர், ரப்பர் சுத்தியல், கிரீஸ் டப்பா. எதற்கு எடுத்துப் போனேன் என்று எனக்கே தெரியாது. ஃபிட்டர் வெறுங்கையோடு எங்கும் போவதில்லை, அவ்வளவுதான்.

கதவைத் திறந்த மல்லிகா சைக்கிளைத்தான் முதலில் பார்த்தாள். "இத வித்துட்டதா சொன்னாரே" என்றாள்.

வாசலில் நின்றபடியே சொன்னேன். எந்தக் கிளினிக்கும் இல்லை, என் வீட்டுக்குத்தான் வந்தான் என்று. மலைக்குப் போனதைச் சொன்னேன். எத்தனை ஞாயிறு என்று கேட்டாள், அதையும் சொன்னேன். அவள் முகம் சிவக்கவில்லை, அழவில்லை. சுவரில் கை வைத்து நின்றாள். அந்த பி.பி. என்றால் என்ன என்று கேட்டாள். குனிந்து சைக்கிளில் காட்டினேன்.

"கழட்டுங்க. அவர் எதைப் பாக்க வந்தாருன்னு நானும் பாக்கணும்."

வாசலுக்கு உள்ளே, சிமென்ட் தரையில் பழைய நியூஸ்பேப்பரை விரித்துச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன். நாலாயிரம் தடவை செய்த வேலைபோலக் கை தானாகச் செய்தது. செயின், இரண்டு போல்ட், மூடி, இடது கிராங்க், அச்சு. இடது கப்பை ஒரு பக்கமாகவும் வலது கப்பை எதிர்ப் பக்கமாகவும் திருப்பி எடுத்தேன். துடைத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் விரலை உள்ளே விட்டுச் சுற்றினாள். சின்ன வளையல் மாதிரி அது அவள் விரலில் சுற்றியது.

"இது நல்லாத்தானே சுத்துது" என்றாள்.

"நல்லாத்தாம்மா சுத்துது. எப்பவுமே நல்லாத்தான் சுத்திச்சு."

அவள் மறுபடியும் சுற்றினாள். கண் அதன்மேலேயே இருந்தது. "அப்ப, அவருக்கு மூச்சு வாங்குனது உங்களுக்குக் கேக்கலியாண்ணா?"

"மலையில காத்து சத்தம்மா. கேக்காது" என்றேன்.

மலை ஏறும்போது ஏது காற்று? நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடப் போவோம். இலை விழுந்தால் கேட்கும். அவளுக்கு அது தெரியாது. சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுக் கப்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

நான் மாட்ட ஆரம்பித்தேன். மரையில் கிரீஸ் தடவினேன். கப் இரண்டையும் கையாலேயே முடிந்தவரை திருகி, பிறகு ஸ்பேனர் போட்டேன். அச்சை உள்ளே விட்டேன். இடது கிராங்க்கை ஏற்றி, மூடியை விரலால் இறுக்கினேன். போல்ட் இரண்டையும் கொஞ்சம் இதை, கொஞ்சம் அதை என்று மாறி மாறி இறுக்க வேண்டும். ஒன்றை முழுக்க முடுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் பிடிப்பு கோணலாகிவிடும். முதல் போல்ட்டில் பாதி. இரண்டாவது போல்ட்டில் ஆலன் கீயை வைத்தேன். திருப்ப முடியவில்லை. போல்ட்டில் ஒரு கோளாறும் இல்லை.

"கேட்டுச்சும்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"நல்லாவே கேட்டுச்சு. ஏழாவது வளைவுலயே கேட்டுச்சு. எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. பள்ளிக்கூடத்துல இருந்து அவன நான் ஜெயிச்சதே இல்ல. முதல்தடவையா அவன் பின்னாடி வர்றான்னு இன்னும் வேகமா மிதிச்சேன். வண்டில ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கழட்டி கழட்டி மாட்டினேன். ஒருவாட்டி கூட உனக்கு உடம்பு இன்னாடான்னு கேக்கல."

சொல்லி முடித்தபோது நான் எதிர்பார்த்தது என்ன என்று யோசிக்கிறேன். அடிப்பாள் என்றா, வெளியே போ என்பாள் என்றா, அல்லது போகட்டும் விடுங்க என்று சொல்லிவிடுவாள் என்றா? மூன்றாவதைத்தான் எதிர்பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் சொல்லியிருக்கிறேன்.

தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். மல்லிகா குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"இத அவரு மூஞ்சப் பாத்து சொல்லியிருக்கணும். எங்கிட்ட சொன்னா, நான் இத வாங்கி இன்னா பண்றது?"

உள்ளே போய்விட்டாள். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்விடலாம் என்று சாமான்களைப் பையில் போடத் தொடங்கினேன். ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு, சைக்கிளைப் பார்த்து, "பாதில வுடாதீங்க. மாட்டிட்டுப் போங்க" என்றாள். போல்ட்டுகளை மாறி மாறி முடுக்கினேன். கிராங்க்கைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன். ஆட்டமில்லை. சைக்கிளை நிமிர்த்தி எங்கே வைக்கட்டும் என்று கேட்டேன். இங்கேயே இருக்கட்டும் என்று கூடத்துச் சுவரைக் காட்டினாள்.

வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து சொன்னாள். நான் இரண்டாவது தடவை பி.பி. பார்த்த நாளில் நீ வீட்டுக்குப் போய், வண்டியில் ஒண்ணும் இல்லையாம், கோளாறு என்கிட்டதான் என்று அவளிடம் சொன்னாயாம். அதற்கு மறுவாரம்தான் வேலூருக்குப் போனீர்களாம். "நீங்க அப்படி சொல்லலேன்னா டாக்டர்கிட்டயே போயிருக்க மாட்டாரு" என்றாள். அதை நன்றியாகவும் சொல்லவில்லை, குற்றமாகவும் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அதை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவள் பஜாரில் கிளினிக் கிளினிக்காகப் போவதை நிறுத்திவிட்டாள். என் மனைவியோடு பேசுகிறாள். என்னைப் பார்த்தால் தலையசைக்கிறாள், அதற்கு மேல் இல்லை. அது சரிதான்.

இவ்வளவு எழுதிய பிறகும் உட்கார முடியவில்லை. கேள்வி ஒன்றுதான் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உனக்கு உன் உடம்பு தெரியும். டாக்டர் சொன்னது தெரியும். வண்டியில் குறை இல்லை என்பதும் தெரியும். பிறகு ஏன் ஞாயிறு தவறாமல் வந்தாய்? என் பின்கட்டில் உட்கார்ந்து பழைய கதை பேசவா? மகளுக்கும் மல்லிகாவுக்கும் முன்னால் நோயாளியாக இருப்பதிலிருந்து ஒரு காலைநேரம் தப்பிக்கவா? மலையை விட முடியவில்லையா? என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கோபம் வருகிறது. உடனே, சொன்னால் நான் கேட்கிற ஆளாகவா இருந்தேன் என்று தோன்றுகிறது. எழுந்து நடக்கிறேன்.

மல்லிகாவிடம் சொல்லாதது ஒன்று மிச்சம் இருக்கிறது. நாம் சேர்ந்து மலை ஏறிய கடைசி ஞாயிறு. நான் மேலே போய் இரண்டு டீ குடித்து முடித்தேன். நீ வரவில்லை. திரும்பிக் கீழே போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தேன், போகவில்லை. கடைசியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தாய். முகம் சாம்பல் பூத்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சைக்கிளை என்மேல் சாய்த்துவிட்டு, என் தோளில் கையைப் போட்டாய். கையின் கனம் முழுக்க என்மேல் இருந்தது. மூச்சு அடங்கும் வரை அப்படியே நின்றாய்.

பிறகு, "இப்ப நீ நல்லா ஏர்றடா" என்றாய். "முப்பது வருஷமா என் முதுகையே பாத்துட்டு வந்த. உன் முதுகு எப்டி இருக்குன்னு இப்பதான் நான் பாக்குறேன்."

நான் சிரித்தேன். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். உனக்கு ஒரு டீ சொல்லக்கூட மறந்துவிட்டேன். உன் கை என் தோளிலிருந்து எப்போது எடுபட்டது என்று எனக்கு ஞாபகம் இல்லை.